ஓடு இறுகும் முன் திறந்த மடை

ஒரு காட்டில் ஓர் ஆறும், அதை ஒட்டி ஒரு குளமும் இருந்தன. இரண்டுக்கும் நடுவே ஒரு மண்கரை. ஆறு பெரிய இடம், குழந்தைகளே! எங்கேயோ மலையில் பிறந்து, எத்தனையோ காடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவது. குளம் சின்ன இடம். ஆனாலும் கோடையில் ஆறு ஒடுங்கி ஓரமாக ஓடும்போதுகூடக் குளத்தில் மட்டும் தண்ணீர் தளதளவென்று நிற்கும். எல்லாம் அந்தக் கரை செய்த புண்ணியம்.

கரையில் காத்தான் என்று ஒரு நண்டு குடியிருந்தது. மடை காப்பது அதன் வேலை. கல் வைத்துக் கட்டிய மடை என்று நினைத்துவிடாதீர்கள். கரையின் குறுக்கே காத்தான் தோண்டிய வளைதான் குளத்துக்கு மடை. ஆற்றில் வெள்ளம் வந்தால் காத்தான் அதைத் திறக்கும். தண்ணீரோடு பழத் துணுக்கும் புழு பூச்சியும் உள்ளே வரும். குளத்துப் பாசி கொஞ்சம் ஆற்றுக்குப் போகும். வெள்ளம் வடியத் தொடங்கியதும் காத்தான் களிமண்ணை உருட்டி வந்து வளையை அடைத்துவிடும். கோடை முழுக்கக் குளத்து மீன்கள் உயிர் பிழைப்பது அந்த அடைப்பினால்தான்.

வளை எவ்வளவு அகலம் தெரியுமா? காத்தானின் முதுகு அகலம். அதற்கு மேல் ஒரு விரற்கடைகூடக் கிடையாது. பெரிய மீன் எதுவும் அதில் நுழைய முடியாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. நண்டு வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றிப் போட வேண்டும். புது ஓடு முதலில் பழத்தோல் மாதிரி மெத்தென்று இருக்கும். அது இறுகும்வரை நண்டால் ஒரு மண்ணுருண்டையைக்கூடத் தூக்க முடியாது. ஆகவே, ஓடு கழற்றப் போகிற நண்டு மடையில் கொடுக்கு வைக்கக் கூடாது. திறந்துவிட்டால் அப்புறம் யார் அடைப்பது?

அந்த வருஷம் குளத்தில் குஞ்சுகள் பெருகிவிட்டன. வெள்ளச்சி என்ற கெண்டை மீன் ஒரு பெரும்படையையே பொரித்து வைத்திருந்தது. வாய்கள் கூடின, பாசி கூடவில்லை.

வெள்ளச்சிக்குக் காத்தான் கூடப் பிறக்காத அண்ணன். ஒரு நாள் வெள்ளச்சி வளை வாசலுக்கு வந்து நின்றது.

"அண்ணே, பிள்ளைங்க பசி தாங்காம ஒண்ணோட வாலை ஒண்ணு கடிக்குதுங்க. ஏதாவது வழி பண்ணுங்களேன்."

"வெள்ளம் வரட்டும் தங்கச்சி. திறந்துவிடறேன்" என்றது காத்தான்.

வெள்ளம் வந்தது. வேளை கெட்ட வேளையாக, அப்போது பார்த்துக் காத்தானுக்குப் பழைய ஓடு இறுக்கிப் பிடிக்கத் தொடங்கிவிட்டது. முதுகெல்லாம் தினவு. ஓடு கழற்றும் காலம் நெருங்கிவிட்டது என்று அதற்குப் புரிந்தது. இந்த வெள்ளம் போனால் போகட்டும், புது ஓடு இறுகியதும் அடுத்த வெள்ளத்துக்குத் திறப்போம் என்று நினைத்தது. நினைத்தபடி இருந்திருக்கலாம். இருந்திருந்தால் நானும் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்காது.

ஆற்றுப் பக்கத்திலிருந்து யாரோ கரையை மெல்லத் தட்டினார்கள்.

"உள்ளே இருப்பது காத்தான் அவர்கள்தானே? உங்கள் பெயரை ஆறு முழுவதும் சொல்கிறார்கள்!"

வந்திருந்தது ஒரு வாளை மீன். நீளமான உடம்பு, அகலமான வாய். அந்த வாயிலிருந்து வரும் பேச்சோ தேனில் ஊறியது. ஆற்று மீன்கள் பேசும் தமிழே தனி. ஒரு சொல்லும் சிந்தாமல் சிதறாமல் பேசும்.

"நான் ஒரு நல்ல செய்தியோடு வந்திருக்கிறேன்" என்றது வாளை. "எங்கள் ஆற்றில் அத்திப்பழம் அடுக்கடுக்காக மிதக்கிறது. தின்ன ஆளில்லை. உங்கள் குளத்துப் பாசிக்கோ ஆற்றில் எல்லாரும் ஏங்குகிறார்கள். நடுவில் இந்தக் கரை ஒன்றுதான் தடை. உங்கள் வளையில் முழுப் பழம் நுழையாது. பெரிய வழியாகத் திறந்துவிடுங்கள். ஆறு என்ன, குளம் என்ன? எல்லாம் ஒரே நீர்!"

இதைக் கேட்டுக்கொண்டிருந்தது மணியக்காரத் தவளை. குளத்துக்கு அதுதான் தலைவர். தலைமைக்கு வேண்டிய தகுதியெல்லாம் அதனிடம் இருந்தது. அதாவது, குரல் பெரியது.

"ஒரே நீர்! ஒரே நீர்! ஆகா, என்ன பேச்சு!" என்று தவளை துள்ளியது. "காத்தான், ஏன்யா சும்மா நிக்கிறே? திற!"

"முடியாது மணியக்காரரே. நான் ஓடு கழட்டப் போறேன். இறுகினதும் திறக்கறேன். முதல்ல என் முதுகளவு. அடுத்த வெள்ளத்துக்கு இன்னும் கொஞ்சம். நம்ம பிள்ளைங்க ஆத்து மீனோட பழகணும், ஓடி ஒளிய இடம் பார்த்து வைக்கணும். எல்லாத்துக்கும் நாள் வேணும்."

"அதற்குள் வெள்ளம் வடிந்துவிடுமே!" என்று வாளை வருத்தப்பட்டது. "தாமரைக் குளத்தில் நேற்றே திறந்துவிட்டார்கள். பழமெல்லாம் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கென்ன? உங்கள் நன்மைக்காகச் சொன்னேன்."

தவளைக்குத் தொண்டை உப்பிவிட்டது.

"கேட்டியா? தாமரைக் குளத்துக்காரன் முந்திக்கிட்டான்! நாம மட்டும் முதுகளவு, மூக்களவுன்னு அளந்துக்கிட்டே கிடப்போம். நாலு குளம் சேர்ந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கட்டும்!"

தாமரைக் குளத்துக்கு யாராவது போய்ப் பார்த்துவிட்டு வந்தார்களா? இல்லை. இக்கரைக்கு அக்கரை பச்சை. பார்க்காத கரை என்றால் இன்னும் பச்சை.

வாளை குரலைத் தாழ்த்திக் காத்தானிடம் மட்டும் பேசியது. "ஒரு சந்தேகம். இவ்வளவு பெரிய கொடுக்கை வைத்துக்கொண்டு இவ்வளவு சின்ன வழியா? பார்க்கவே எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது."

காத்தான் தன் கொடுக்கைப் பார்த்தது. நிஜமாகவே பெரிதாகத்தான் இருந்தது. பிறகு திரும்பிக் குளத்தைப் பார்த்தது. அல்லித் தண்டுக்குப் பின்னால் வெள்ளச்சி நின்றிருந்தது. அதைச் சுற்றிலும் ஒட்டிய வயிறும் பெரிய கண்ணுமாகக் குஞ்சுகள். அவற்றைப் பார்த்ததும் வழக்கமாவது ஒன்றாவது என்று ஆகிவிட்டது.

"அடைக்கறபோது நீங்க கூட நிப்பீங்களா ஐயா?" என்று மட்டும் கேட்டது.

"இது என்ன கேள்வி! இனி நான் உங்களில் ஒருவன் அல்லவா?" என்றது வாளை.

காத்தான் தோண்டியது. முதுகளவு தாண்டியது, இரண்டு முதுகு தாண்டியது. அதற்கு மேல் அது தோண்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. தண்ணீருக்கு வழி காட்டினால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். கரை மண் கட்டி கட்டியாகச் சரிந்தது. பொழுது சாய்வதற்குள் ஓர் எருமைக் கன்று நுழையும் அளவுக்கு உடைப்பு அகன்றுவிட்டது. வாளை உள்ளே வந்தது. அதன் பின்னால் அதன் உறவுக்காரர்கள் வந்தார்கள்.

பழமும் வந்தது, அதை நான் மறைக்கக் கூடாது. சிவக்கச் சிவக்க அத்திப்பழம், முழுசு முழுசாகக் குளம் நிறைய மிதந்தது. குஞ்சுகள் தின்றன, தின்றன, தின்றுகொண்டே இருந்தன. பழத்தின் மேலேயே படுத்துத் தூங்கின.

வெள்ளச்சி வந்து காத்தானின் காலை உரசியது. "உங்க புண்ணியத்துல இன்னிக்குத்தான் அண்ணே, பிள்ளைங்க வயிறு நிறைஞ்சுது."

காத்தானுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தண்ணீருக்குள் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தோடேயே அது அல்லிக் கொடிக்கு அடியில் ஒரு கல் இடுக்கில் ஒதுங்கிப் பழைய ஓட்டைக் கழற்றியது.

அப்புறம் அதனால் செய்ய முடிந்ததெல்லாம் பார்ப்பது ஒன்றுதான்.

வாளையின் உறவுக்காரர்கள் குளத்துப் பாசியை வாய் வாயாக அள்ளி ஆற்றுக்குக் கொண்டு போனார்கள். குளத்தில் யாரும் தடுக்கவில்லை. பழம் இருக்கும்போது பாசி எதற்கு? கரையோரம் மேயும் நீர்க்கோழிகள் இருந்தன. அவை நடந்து நடந்துதான் கரை மண் கெட்டிப்படும். அவையும் ஆற்றோரம் பழம் பொறுக்கப் போய்விட்டன. அங்கே மேய்ச்சல் அதிகமாம். மழைக்கும் அலைக்கும் கரை கரைந்துகொண்டே வந்தது. மிதிக்கக் காலில்லை.

"மணியக்காரரே! பாசி வேரோட போகுது பாருங்க!" என்று காத்தான் கல்லிடுக்கிலிருந்து கத்தியது.

"போகட்டும்யா! நம்ம குளத்துப் பாசியை இன்னிக்கு ஆறு முழுக்கத் தின்னுது. எவ்வளவு பெருமை!" என்றது தவளை. அது இப்போதெல்லாம் வாளையின் முதுகில் ஏறித்தான் குளத்தைச் சுற்றி வந்தது.

சில நாளில் வெள்ளச்சி பதறிக்கொண்டு வந்தது.

"அண்ணே, பிள்ளைங்க குறையுதுங்க. வரிசையா விட்டா வரிசை சின்னதா இருக்கு."

கல்லுக்குப் பக்கத்தில் வாளை சோம்பலாக மிதந்துகொண்டிருந்தது. அது அன்பாகச் சொன்னது: "ஆற்றுக்குப் போயிருக்கும் அம்மா. இளசுகள் அல்லவா? சின்னக் குளத்தில் எத்தனை நாள்தான் சுற்றும்? அங்கே நன்றாக முன்னேறிவிடும். பெற்றவள் நீங்கள் தடுக்கலாமா?"

"சொல்லிட்டுப் போகக் கூடாதா?" என்று வெள்ளச்சி முனகியது.

வாளை மெல்லத் திரும்பியது. அதன் கடைவாயில் ஒரு சின்ன வால் துடித்ததைக் கல்லிடுக்கில் இருந்த காத்தான் பார்த்தது. பாய்ந்து கொடுக்கால் பிடிக்கப் போனது. மெத்தென்ற கொடுக்கு வாளையின் செவுளில் பட்டு மடங்கியது. வாளைக்கு அது கிச்சுக்கிச்சு மூட்டியதுபோலத்தான் இருந்திருக்கும்.

"தங்கச்சி! பிள்ளைங்களைக் கூட்டிட்டு அல்லிக்குள்ள ஓடு! வெளியே விடாதே!" என்று காத்தான் கத்தியது.

வெள்ளச்சிக்குப் புரிந்துவிட்டது. மிச்சமிருந்த குஞ்சுகளைத் திரட்டிக்கொண்டு அல்லிக்குள் போயிற்று.

அத்திப்பழக் காலம் முடிந்தது. பழம் வருவது நின்றது. சரி, பழையபடி பாசியைத் தின்போம் என்று குளத்து மீன்கள் திரும்பிப் பார்த்தால் பாசி இல்லை. பாறை வெறும் பாறையாக இருந்தது. ஆற்றிலிருந்து இனி ஏதாவது வந்தால் சாப்பாடு, வராவிட்டால் பட்டினி. அந்த நிலைக்குக் குளம் வந்துவிட்டது. நினைத்தால் எனக்கே மனசு ஆறவில்லை.

பிறகு ஆற்றில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. வந்த வழியாகவே குளத்துத் தண்ணீரும் வெளியே ஓட ஆரம்பித்தது. திறந்த வழிக்கு உள்ளே வருவதும் ஒன்றுதான், வெளியே போவதும் ஒன்றுதான்.

காத்தானின் ஓடு அப்போதுதான் பாதி இறுகியிருந்தது. அது தள்ளாடித் தள்ளாடி உடைப்புக்கு ஓடியது. களிமண்ணை உருட்டி வைத்தது. வைத்த கையோடு தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. இன்னொன்று வைத்தது. அதுவும் போனது. கொடுக்கின் ஓரம் பிய்ந்து எரிந்தது. முதுகளவு வழியை அடைத்துப் பழகிய நண்டு, எருமைக் கன்று நுழையும் வழியை எதைக் கொண்டு அடைக்கும்?

அந்த வழியாக வாளை தன் உறவுக்காரர்களோடு வெளியே போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் குறையப் போவது பெரியவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

"ஐயா! ஐயா! கொஞ்சம் நில்லுங்க!" என்று காத்தான் கெஞ்சியது. "உங்க உடம்பு நீளமானது. இந்த உடைப்புக்குக் குறுக்கே சித்த நேரம் படுத்துக் கொடுங்க, போதும். வேகம் தணிஞ்சா நான் மண்ணை வெச்சு அடைச்சிடுவேன். குளத்துல பச்சைக் குஞ்சுங்க இருக்கு."

"எனக்கு ஆற்று மடுவில் வேலை இருக்கிறதே" என்றது வாளை.

"கூட நிப்பேன்னு சொன்னீங்களே! எங்களில் ஒருத்தர்னு சொன்னீங்களே!"

"நின்றேனே! தண்ணீர் இருந்தவரை நின்றேன். தண்ணீர் இருக்கும் இடத்தில் இருப்பதுதானே மீனுக்கு அழகு? இதில் உங்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை."

இப்படிச் சொல்லிவிட்டு வாளை வழுக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கிவிட்டது. அதன் முதுகில் உட்கார்ந்திருந்த தவளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆற்றில் அதற்கு ஏதோ பெரிய பதவி தருவதாகப் பேச்சாம்.

குளம் இறங்கியது. அல்லி இலைகள் சேற்றில் ஒட்டின. கடைசியில் உடைப்புக்கு நேராக ஒரு பள்ளத்தில் மட்டும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மற்ற மீன்களைத் தண்ணீர் ஆற்றுக்கு இழுத்துப் போய்விட, அதில் வெள்ளச்சியும் மிச்சக் குஞ்சுகளும் மட்டும் கிடந்தன. அங்கிருந்து ஒரு கயிறு போல ஆற்றுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றுவிட்டால் போகவும் வழியில்லை.

வெள்ளச்சி காத்தானைக் கூப்பிட்டது.

"நான் கிளம்பறேன் அண்ணே."

"போகாதே தங்கச்சி. அவன் வெளியே வாயைத் திறந்துக்கிட்டு நிப்பான்."

"தெரியும் அண்ணே. இங்க இருந்தா வெயிலு, அங்க போனா வாளை. வெயிலு ஒண்ணையும் விடாது. வாளைக்கு வயிறுன்னு ஒண்ணு இருக்கே, அது நிறைஞ்ச பிறகு ரெண்டு பிள்ளையாவது தப்பாதா?"

காத்தான் கொடுக்கால் முகத்தை மூடிக்கொண்டது.

"நீங்க நல்லதை நினைச்சுத்தான் திறந்தீங்க" என்றது வெள்ளச்சி. "அழாதீங்க."

திட்டியிருந்தால் காத்தான் தாங்கியிருக்கும். இந்தச் சொல்லைத்தான் அதனால் தாங்க முடியவில்லை.

வெள்ளச்சி முன்னால் போனது. குஞ்சுகள் ஒட்டிக்கொண்டு பின்னால் போயின. ஒரு பொடிக்குஞ்சு நடுவழியில் நின்று, "மாமா, நீங்க வரலியா?" என்று கேட்டது. அதற்குள் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆற்றுப் பக்கம் ஒருமுறை பெரிதாகச் சளக்கென்று சத்தம் கேட்டது. இன்னொரு முறை கேட்டது. காத்தான் கண்களை உள்ளிழுத்துக்கொண்டு சேற்றில் புதைந்தது.

நண்டுக்குச் சேறு போதும், கோடையைத் தள்ளிவிடும். காத்தானும் தள்ளியது. ஓடு கல் போல இறுகிவிட்டது. இனி என்ன செய்வது என்று தெரியாமல், தெரிந்த வேலையைச் செய்தது. வெயிலிலும் வறட்சியிலும் களிமண்ணை உருட்டி உருட்டி அந்த உடைப்பை அடைத்தது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை என்று அதற்கும் தெரியும். இருந்தாலும் ஒரு பொட்டுத் துவாரம் இல்லாமல் அடைத்து முடித்தது.

மழை வந்தது. நல்ல மழை. குளம் கரை தொட நிறைந்தது. ஒரு சொட்டும் வெளியே போகவில்லை.

மழையோடு மழையாக மணியக்காரத் தவளையும் திரும்பி வந்தது. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஆற்றில் கொடுத்த பதவி என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்க யார் இருந்தார்கள்? ஆனால் குரல் மட்டும் குறையவில்லை.

"நிறைஞ்சிருச்சு! குளம் நிறைஞ்சிருச்சு!" என்று கரையில் நின்று கத்தியது. "பார்த்தியா காத்தான்? எந்தக் குளத்துல இவ்வளவு தண்ணி நிக்குது சொல்லு!"

காத்தான் மடைக்குப் பக்கத்திலிருந்து தலை நிமிராமல் கேட்டது:

"யாருக்கு மணியக்காரரே?"

தவளை குளத்தைப் பார்த்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தது. தண்ணீர் கண்ணாடியாக நின்றது. எங்கேயும் ஒரு வால்கூட அசையவில்லை. தவளை வாயை மூடிக்கொண்டது.

நீதி: வாசலைப் பெரிதாகத் திறக்க ஆசை மட்டும் போதாது, வேண்டும்போது அதை அடைக்கும் வலுவைத் தேடிக்கொண்ட பிறகே, அதுவும் சிறுகச் சிறுகவே, திறக்க வேண்டும்.